ஒரே கட்டி, இரண்டு எண்: பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ. கணக்கில் கசிவும் தாமதமும்

ஈரோட்டில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைக் கட்டிக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடித்த ஒரு அம்மாவுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு இடத்தில் பெர்ஃபியூஷன் (மூளையில் ரத்தம் பாய்வதை அளக்கும் எம்.ஆர்.ஐ.) எடுத்திருக்கிறார்கள். முதல் ரிப்போர்ட்டில் ரத்தக் கொள்ளளவு விகிதம் 1.1. எங்கள் மெஷினில் 2.7. கட்டியின் அளவில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. எங்கள் சாஃப்ட்வேரில் 'லீக்கேஜ் கரெக்‌ஷன்' என்ற கட்டத்தை டிக் செய்தால் 2.7 என்பது 2.0 ஆகிறது. எது சரி? அப்புறம், ரத்த ஓட்டத்தை மில்லிலிட்டர் கணக்கில் எடுக்கும்போது, நான் படத்தில் தமனியைத் தொடுகிற இடத்தைப் பொறுத்து எண் இரண்டு மடங்கு வரை மாறுகிறது. மெஷின் கோளாறுங்களா?"

இரண்டு ஸ்கேனின் வரைபடங்களையும் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைச் செய்ததற்கு முதலில் நன்றி தம்பி. பெரும்பாலானவர்கள் சிவப்பும் பச்சையுமாக இருக்கும் வண்ணப்படத்தை மட்டும் அனுப்பிவிட்டு "என்னன்னு சொல்லுங்க" என்பார்கள். வண்ணப்படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நேரத்தோடு சிக்னல் எப்படி இறங்கி ஏறியது என்று காட்டும் அந்தக் கோட்டில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

மெஷின் கோளாறு இல்லை. மெஷின் ரத்தத்தை அளப்பதே இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். நாம் 'டை' என்று சொல்லி ஏற்றுகிற மருந்தில் இருப்பது காடோலினியம். அதன் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7 இருப்பதால் பக்கத்தில் உள்ள காந்தப்புலத்தைக் கலைத்துவிடும். தனியாக விட்டால் நஞ்சு என்பதால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்து வருகிறது. கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ ஆளுக்கு வழக்கமான கரைசலில் 12 மில்லி. நொடிக்கு 4 மில்லி வேகத்தில் ஏற்றினால் மூன்று நொடியில் முடிந்துவிடும். அந்தக் கொத்து மூளையைக் கடக்கும்போது, ஒன்று அல்லது ஒன்றரை நொடிக்கு ஒரு முறை முழு மூளையையும் படம் பிடிக்கிறோம். மருந்து வரும்போது சிக்னல் விழும், போனதும் எழும். இவ்வளவுதான் மெஷின் பார்ப்பது. 'ரத்தம்', 'ஓட்டம்', 'கொள்ளளவு' எல்லாமே அந்த வீழ்ச்சியிலிருந்து நாம் கணக்குப் போட்டு எடுப்பவை.

சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுவோம், பின்னால் உதவும். எக்கோ நேரம், அதாவது திசுவைக் கிளறிவிட்டுச் சிக்னலைப் படிக்கும்வரை விடும் இடைவெளி, 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் 100 இலிருந்து 70க்கு விழுகிறது. 0.7க்கு இயல்மடக்கை எடுத்து, குறியை மாற்றி, 0.03 ஆல் வகுத்தால் சுமார் 12 வரும். இந்த 12 மருந்தின் செறிவுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும் என்று நம்புகிறோம். இப்படி ஒவ்வொரு நொடிக்கும் எடுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கூட்டினால் ரத்தக் கொள்ளளவு. எதிர்ப்பக்கத்து நல்ல வெண்பொருளில் வரும் பரப்பால் அதை வகுத்தால் ரிப்போர்ட்டில் வரும் விகிதம்.

மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே போகாது என்பது இதன் அடியில் இருக்கும் எழுதாத ஒப்பந்தம். நல்ல மூளையில் அது உண்மை. ரத்த-மூளைத் தடுப்பு அவ்வளவு இறுக்கமானது. கட்டியில் அந்தத் தடுப்பு ஓட்டை.

உங்கள் ஊர் ஆளுக்குக் கசிவு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பவானிசாகரில் கீழ்பவானி வாய்க்கால் திறந்து சில நாளில் கரையோரக் கிணறுகளில் ஊற்று ஏறும். வாய்க்காலை அடைத்த பிறகும் ஓடைகளில் கசிவு நீர் ஓடிக்கொண்டிருக்கும். மண் கரைக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகள் இரண்டு பக்கமாக நின்றதே அந்தக் கசிவை வைத்துத்தான். இப்போது ஒருவர், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போனது என்பதைச் சுற்றியுள்ள நிலத்தின் ஈரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார் என்று வையுங்கள். வாய்க்கால் அடைத்தபின்னும் ஈரம் இருக்கிறது, அதையும் ஓட்டத்தில் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் வரும் எண் உண்மையைவிட அதிகம். கட்டியில் நடப்பதில் ஒரு பாதி இதுதான். குழாயை விட்டு வெளியேறிய மருந்து திசுவிலேயே தங்கிக் காந்தப்புலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும். கொத்து கடந்துபோன பிறகும் சிக்னல் பழைய உயரத்துக்கு ஏறாது. வால் கீழேயே கிடக்கும். பரப்பு கூடும், விகிதம் கூடும்.

மற்றொரு பாதிக்கு வாய்க்கால் உவமை நொண்டும். வெளியே கசிந்த காடோலினியம் திசுவின் டி1 நேரத்தை, அதாவது கிளறிய திசு பழைய காந்த நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, குறைத்துத் திசுவைப் பிரகாசமாக்கவும் செய்யும். சாதாரணமாக டை போட்டபின் கட்டி வெள்ளையாகத் தெரிகிறதே, அதே வேலைதான். அந்தப் பிரகாசம், நாம் அளக்க நினைக்கும் வீழ்ச்சியை மேலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. மேலே போட்ட கணக்கையே எடுங்கள். சிக்னல் 70க்கு விழ வேண்டிய நேரத்தில் கசிவின் பிரகாசம் அதை 15 சதவீதம் தூக்கிவிட்டால் 80.5 ஆகும். மடக்கை எடுத்து வகுத்தால் 12க்குப் பதில் 7 சொச்சம்தான் வரும். ரத்தத்தில் இருந்த மருந்து துளியும் மாறவில்லை, எண் மட்டும் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. கொத்து போனபின் வால் ஆரம்பக் கோட்டைத் தாண்டி மேலே எகிறும். அந்தப் பகுதி கணக்கில் கழித்தலாகச் சேர்ந்து விகிதத்தை இன்னும் கீழே தள்ளும்.

ஆக ஒரே கசிவு, இரண்டு எதிர்த்திசைப் பிழைகள். எது ஜெயிக்கும் என்பதை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை, நீங்கள் வைத்த அமைப்பும் தீர்மானிக்கிறது. ஃப்ளிப் ஆங்கிள் (ஒவ்வொரு முறையும் திசுவின் காந்தத்தைச் சாய்க்கும் கோணம்) 90 டிகிரி, முன்கூட்டி மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றால் டி1 பக்கம் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளிப் ஆங்கிளைக் குறைத்தால் டி1 தாக்கம் அடங்கும். முன்பே ஒரு பங்கு மருந்து கொடுத்து சில நிமிடம் காத்திருந்தால், திசு ஏற்கனவே பிரகாசமாகிவிட்டிருக்கும், அடுத்த கொத்தில் மேலும் பிரகாசமாக இடம் குறைவு. ஆனால் அப்போது மறுபக்கப் பிழை, அதாவது வால் கீழே கிடப்பது, மேலோங்கலாம்.

அந்த அம்மாவின் இரண்டு வரைபடங்களையும் இப்போது பாருங்கள். முதல் மையத்தின் கோடு, இறங்கி ஏறியபின் ஆரம்பக் கோட்டைத் தாண்டி மேலே போயிருக்கிறது. ஓரத்தில் ஃப்ளிப் ஆங்கிள் 90 என்று தெரிகிறது. உங்கள் மையத்தில் பாதி டோஸ் முன்கூட்டிக் கொடுத்து, 60 டிகிரியில் எடுத்திருக்கிறீர்கள். கோடு திரும்பி வரும்போது பாதியிலேயே நின்றுவிட்டது. 1.1 குறைத்துச் சொன்ன எண், 2.7 கூட்டிச் சொன்ன எண். இரண்டுமே பொய். ஆளுக்கொரு பக்கம் பொய் சொல்லியிருக்கின்றன, அதனால்தான் இடைவெளி இவ்வளவு பெரியதாகத் தெரிகிறது.

சரி, அந்த டிக் என்ன செய்கிறது? பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருப்பது பாக்ஸர்மன், ஷ்மைண்டா, வைஸ்காஃப் மூவரின் பெயரால் வழங்கும் முறை. 2006இல் வந்த அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. யோசனை எளிமையானது. டை ஏறாத நல்ல மூளைப் பகுதிகளின் கோடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், கசிவே இல்லாத ஒரு மாதிரிக் கோடு கிடைக்கும். கட்டியில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் கோடும் இரண்டு பங்கால் ஆனது என்று வைத்துக்கொள்கிறார்கள்: அந்த மாதிரிக் கோட்டின் ஒரு மடங்கு, அதோடு மாதிரிக் கோட்டை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால் வரும் ஏறுகோட்டின் ஒரு மடங்கு. கசிந்தது சேர்ந்துகொண்டேதானே போகும், அதனால் ஏறுகோடு. இரண்டு மடங்குகளும் எவ்வளவு என்று பொருத்திப் பார்த்து, ஏறுகோட்டின் பங்கை விலக்கிவிட்டால் மிச்சம் ரத்தக் குழாய்க்குள் இருந்தது. இரண்டாவது மடங்கின் குறி கூட்டலா கழித்தலா என்பதைப் பொறுத்து இரண்டு வகைப் பிழையையும் இதே முறை திருத்திவிடும். அழகான வேலை, நான் அடிக்கடி வியப்பேன்.

ஆனால் இதற்குள்ளும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கட்டியில் ரத்தம் கடக்கும் வேகமும் நல்ல மூளையில் கடக்கும் வேகமும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. கட்டியின் குழாய்கள் கோணல்மாணலானவை. அங்கே ரத்தம் தங்கித் தாமதித்துப் போனால், அந்தத் தாமதத்தையும் கசிவு என்று எண்ணிக் கழித்துவிடும். போகும் மருந்து திரும்பி வராது என்பது இன்னொரு நம்பிக்கை. முதல் ஒரு நிமிடத்துக்குப் பெரிய பாதகமில்லை, இரண்டு நிமிடம் தாண்டி எடுத்த ஸ்கேனில் வெளியே போனது மறுபடி குழாய்க்குள் வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருவழிக் கசிவைக் கணக்கில் எடுக்கும் முறைகளும் கடத்தல் நேரத்தைச் சாராத முறைகளும் பிறகு வந்துவிட்டன. உங்கள் சாஃப்ட்வேரில் எது இருக்கிறது என்று கையேட்டைத் திறந்து பாருங்கள். 'கரெக்‌ஷன்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றை வைத்திருக்கிறது.

டிக் செய்யும் முன் மாதிரிக் கோடு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். சில மென்பொருள் முழு மூளையையும் எடுத்துக்கொள்ளும். கட்டி பெரிதாக இருந்தால் கசிந்த பகுதியும் 'கசிவில்லாத மாதிரி'க்குள் நுழைந்துவிடும். கசிவைக் கசிவைக்கொண்டே திருத்துவது போல ஆகிவிடும்.

எக்கோ இரண்டு எடுக்கும் வசதி இருந்தால் டி1 பிழையை வேறு வழியில் முறிக்கலாம். ஒரே கொத்துக்குக் குறைந்த எக்கோ நேரத்தில் ஒன்று, கூடிய நேரத்தில் ஒன்று. கசிவின் பிரகாசம் இரண்டையும் ஒரே மடங்கில் தூக்கியிருக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் அது அடிபட்டுப் போகும். யூகம் எதுவும் தேவையில்லை. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். ஆனால் நம் பக்கத்தில் தினசரிப் பயன்பாட்டில் அதிகம் காணக் கிடைப்பதில்லை. வால் கீழே கிடக்கும் பிழை இதிலும் மிச்சம் இருக்கும், அதற்குப் பழைய திருத்தம் வேண்டும்.

வேறு இடத்து ஸ்கேனோடு ஒப்பிட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், 2020இல் வந்த ஒருமித்த பரிந்துரையைப் பின்பற்றச் சொல்வேன். வீரியமான கிளையோமா வகை மூளைக் கட்டிகளுக்கு என்றே எழுதியது. முன்டோஸ் இல்லாமல் ஒரே முழு டோஸ், 30 டிகிரி ஃப்ளிப் ஆங்கிள். அல்லது முழு முன்டோஸ், பிறகு முழு டோஸ், 60 டிகிரி. முதல் வழியில் மருந்து பாதி மிச்சம், சிறுநீரகம் பலவீனமானவருக்கும் நல்லது. நீங்கள் செய்த பாதி முன்டோஸும் 60 டிகிரியும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி எடுத்தால் திருத்தம் கட்டாயம்.

இன்னொன்று. 1.75 என்ற எல்லையை வைத்து "தாண்டினால் கட்டி, தாண்டாவிட்டால் இல்லை" என்று சிலர் பேசுகிறார்கள். அந்த எண் 2003இல் கிளையோமாவின் வீரியம் குறைவா கூடுதலா என்று பிரிப்பதற்காகச் சொல்லப்பட்டது. கதிர்வீச்சு முடிந்தவரிடம், திருத்தப்பட்ட எண்ணா திருத்தப்படாத எண்ணா என்றும் கேட்காமல், அதைக் கொண்டுவந்து வைப்பது பஸ் டிக்கெட்டை ரயிலில் காட்டுவது மாதிரி. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்தில் கட்டி வளர்ந்ததுபோலவே தோற்றம் காட்டிப் பிறகு தானே அடங்குவதும் உண்டு. அந்த அம்மாவுக்கு இடையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தார்களா, நிறுத்தினார்களா என்று கேளுங்கள். அது கசிவையே குறைக்கும். கசிவு மாறினால் திருத்தப்படாத எண்ணும் மாறும், கட்டி அப்படியே இருந்தாலும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தமனியைத் தொடும் இடத்தில் எண் மாறுவது.

விகிதம் மட்டும் போதும் என்றால் தமனி தேவையில்லை. ஓட்டம் வேண்டுமென்றால் வேண்டும். ஒரு மடை வழியாக வயலுக்குள் எவ்வளவு வேகத்தில் தண்ணீர் பாய்ந்தது என்று தெரிய, வாய்க்காலில் எப்போது, எவ்வளவு, என்ன வடிவில் வந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. திசுவின் கோட்டிலிருந்து தமனிக் கோட்டின் வடிவத்தைப் பிரித்தெடுக்கும் கணக்குக்கு டீகன்வல்யூஷன் என்று பெயர். இதன் வேர் பழையது. ஸ்டூவர்ட் என்ற உடலியல் அறிஞர் 1890களிலேயே ரத்தத்தில் உப்புக் கரைசலை விட்டு அது நீர்த்துப்போவதை வைத்து ஓட்டத்தை அளந்தார். கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தால் சராசரிக் கடத்தல் நேரம் வரும் என்பதை மையரும் சியர்லரும் 1954இல் முறையாக நிறுவினார்கள். பவானிசாகர் அணை கட்டி முடிந்ததற்கு முந்தைய வருடம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வடிவத்தை ஆஸ்டர்கார்ட் 1996இல் கொடுத்தார்.

தமனியில் முதல் தொல்லை, அது படத்தின் ஒரு புள்ளிக்குள் அடங்காதது. மூளையின் நடுத்தமனி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விட்டம். நம் பெர்ஃபியூஷன் புள்ளி பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர், தடிமன் 5. தமனியும் பக்கத்துத் திசுவும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். பாலில் தண்ணீர் கலந்த மாதிரி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். எம்.ஆர். சிக்னலுக்குத் திசை உண்டு. மருந்து ஏற ஏறத் தமனி ரத்தத்தின் சிக்னல் குறைந்துகொண்டே சுழலவும் செய்கிறது. ஒரு நொடியில் திசுவின் சிக்னலோடு சேர்ந்து நிற்கும், அடுத்த நொடியில் எதிர்த்து நிற்கும். அதனால் உச்சி குட்டையாகவும் வரலாம், அளவுக்கு மீறி உயரமாகவும் வரலாம், நடுவில் பள்ளம் விழுந்து இரட்டை உச்சியாகவும் வரலாம். 'நடுவில் குத்தினால் சரியாக இருக்கும்' என்பது எல்லோரும் செய்யும் தப்பு. குழாயை ஒட்டி வெளியே உள்ள புள்ளியில் வடிவம் பல நேரம் சுத்தமாக இருக்கும். உயரம்தான் அங்கே நம்பக்கூடாது.

உயரத்தைச் சரிசெய்ய அழகான வழி இருக்கிறது. தலைக்குள் போன மருந்து எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். தமனியில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பும் சிரையில் உள்ள பரப்பும் சமமாக இருக்க வேண்டும். உச்சந்தலைக்குக் கீழே நடுக்கோட்டில் ஓடும் சாஜிட்டல் சைனஸ் அகலமானது, ஒரு முழுப் புள்ளி அதற்குள் கலப்பில்லாமல் அடங்கும். அதன் பரப்பை எடுத்து, தமனிக் கோட்டை அதே பரப்பு வரும்வரை தூக்கினால் போதும். வடிவம் தமனியிலிருந்து, அளவு சிரையிலிருந்து. தமனியைக் குறைத்து அளந்தால் ஓட்டம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அது வகுக்கும் எண். உங்களுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் வந்ததற்கு முதல் சந்தேகம் எனக்கு இதில்தான்.

சிரையிலும் ஒரு பொறி உண்டு. திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் இருப்பவர்களைக் கேளுங்கள். வெளிர்நிறத்தில் ஒரு சொட்டுக் கூடினாலும் கண்ணுக்குத் தெரியும், கருநீலத்தில் ஒரு கரண்டி கூட ஊற்றினாலும் தெரியாது. பெரிய சிரையில் செறிவு அதிகம். சிக்னல் இரைச்சலின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் அதற்கு மேல் விழ இடமில்லை. கோட்டின் அடி தட்டையாக, வெட்டிவிட்டது போல இருக்கும். ஆரம்பச் சிக்னல் 100, இரைச்சல் மட்டம் 5 என்றால், 30 மில்லிசெகண்டில் நம் கணக்கு 100ஐத் தாண்டவே தாண்டாது, உண்மை 150ஆக இருந்தாலும். குறைந்த எக்கோ நேரம் இதற்கு மருந்து. இல்லையென்றால் முதலில் சின்னக் கொத்து ஒன்றை விட்டுச் சிரையை அதில் அளந்துகொள்வார்கள்.

இரண்டாவது தொல்லை தாமதம். அணையில் மதகு திறந்த அதே நேரத்தில் கடைமடையில் தண்ணீர் வராது. 200 கிலோமீட்டர் வாய்க்காலில் அது வர நாள் ஆகும். வரும்போது அணையில் விட்டது போலத் திடீரென்றும் வராது, மெல்ல ஏறி மெல்ல அடங்கும். முதலாவது தாமதம், இரண்டாவது பரவல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள், திருத்தம் வேறு வேறு. கழுத்துத் தமனி அடைத்தவரிடம் மருந்து சுற்றுவழியில் இரண்டு மூன்று நொடி பிந்தி வரும். டீகன்வல்யூஷனுக்குப் பயன்படும் பழைய எஸ்.வி.டி. கணக்கு இந்தத் தாமதத்தை ஓட்டக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, ஓட்டத்தைக் குறைத்தும் கடத்தல் நேரத்தைக் கூட்டியும் காட்டும்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன், பெயர் சொல்லாத ஒரு இடத்தில், தமனியை அடைப்புள்ள பக்கத்திலேயே தொட்டுவிட்டேன். நல்ல பக்கத்துக்கு மருந்து நான் தொட்ட தமனிக்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர் வாய்க்காலுக்கு வருமுன் வயலில் நிற்பது போன்ற கதை. கணக்கு அதை ஏற்க முடியாமல் நல்ல பக்கத்தில் கன்னாபின்னாவென்று எண்களைக் கொட்டியது. டாக்டர் ஒருவர் "ஏனுங்க, இவருக்கு நல்ல பக்கம் எப்படிங்க இப்படி?" என்று கேட்ட பிறகுதான் தலையில் உறைத்தது. இப்போது பெரும்பாலான மென்பொருளில் சுழல்வடிவ எஸ்.வி.டி. இருக்கிறது. 2003இல் வந்தது. தாமதம் முன்னா பின்னா என்று பார்க்காமல் சமாளித்துவிடும். உங்களுடையதில் அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமனியை எப்போதும் நல்ல பக்கத்தில் தொடுங்கள்.

பரவலுக்கு இப்படிப்பட்ட நேரடி மருந்து இல்லை. அடைப்புக்கு அப்பால், திசுவுக்குப் பக்கத்தில் தமனிக் கோட்டை எடுத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் அங்கே தமனி இன்னும் மெல்லியது, கலப்புப் பிழை கூடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். கொள்ளளவு மட்டும் பரவலால் கெடாது, பரப்பு மாறாதே. பக்கவாதத்தில் பயன்படும் டிமேக்ஸ் (டீகன்வல்யூஷன் செய்தபின் கோடு உச்சியைத் தொட எடுக்கும் நேரம்) 6 நொடி எல்லை தாமதத்தையும் பரவலையும் சேர்த்தே பார்ப்பது. 2018இல் வந்த டெஃப்யூஸ் 3 ஆய்வு அந்த எல்லையைத்தான் பயன்படுத்தியது. ஆகவே பல வருடமாகக் கழுத்துத் தமனி சுருங்கி நன்றாக நடமாடும் பெரியவருக்கு டிமேக்ஸ் கூடியிருந்தால், உடனே மூளை சாகிறது என்று பொருள் இல்லை.

நம் ஊர் மக்களிடம் மறக்கக்கூடாத ஒன்று ரத்தசோகை. காடோலினியம் சிவப்பணுவுக்குள் போவதில்லை, பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. பெரிய குழாயில் சிவப்பணுப் பங்கு 45 சதவீதம், நுண்குழாயில் 25 என்று வைத்து, 0.55ஐ 0.75 ஆல் வகுத்து 0.73 என்ற எண்ணை மென்பொருள் எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டுவிடும். ஹீமோகுளோபின் 8 உள்ள ஒரு பெண்ணுக்குப் பெரிய குழாயில் அந்தப் பங்கு சுமார் 24. அதே விகிதத்தில் நுண்குழாயில் சுமார் 13. 0.76ஐ 0.87 ஆல் வகுத்தால் 0.87. மென்பொருள் போட்டதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். நல்ல சாம்பல் பொருளில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 50, 60 மில்லி என்று எதிர்பார்க்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எதிர்ப்பக்கத்தோடு விகிதம் எடுத்தால் இது அடிபட்டுவிடும், மில்லிலிட்டர் கணக்கில் அடிபடாது.

இவ்வளவு சொன்னாலும் சாஃப்ட்வேரால் திருத்த முடியாதது ஒன்று உண்டு: கெட்ட ஊசி. கீமோ முடித்தவர்களின் நரம்பு நூல் மாதிரி இருக்கும். நீலநிற வென்ஃப்ளானில் (கையில் பொருத்தும் மெல்லிய ஊசிக்குழாய்) நொடிக்கு 2 மில்லி ஏற்றிவிட்டு, கொத்து ஏன் இப்படி அகலமாகப் பரந்தது என்று கேட்டால் எந்தக் கணிதமும் உதவாது. பிங்க், முடிந்தால் பச்சை, வலது முழங்கை மடிப்பில். இடது கையில் போட்டால் மார்புக்குள் வரும் பாதை நீளம், சிலருக்கு அங்கேயே தேங்கும். பின்னாலேயே உப்புநீர் அதே வேகத்தில் 20 மில்லியாவது போக வேண்டும். மருந்து வருவதற்கு முன் 30 படமாவது கையில் இருக்கட்டும். அந்த ஆரம்பக் கோடு ஆடினால் மேலே உள்ள எல்லாக் கணக்கும் ஆடும், அதை வைத்துத்தானே எல்லாவற்றையும் வகுக்கிறோம். தலை அசைந்தால் படங்களைப் பொருத்தியபின் கணக்குப் போடுங்கள்.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதல் மையத்திலிருந்து ரிப்போர்ட் தாள் வேண்டாம், நேர வரிசையில் உள்ள அசல் படங்கள் முழுவதையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே மென்பொருளில் ஏற்றி, ஒரே திருத்தத்தைப் போட்டு, எதிர்ப்பக்கத்து வெண்பொருளில் ஒரே இடத்தை வைத்து ஒப்பிடுங்கள். 1.1 ஏறியும் 2.7 இறங்கியும் ஒன்றை ஒன்று நெருங்கினால் கட்டி மாறவில்லை, கணக்குத்தான் மாறியிருந்தது. திருத்திய பிறகும் இடைவெளி அப்படியே நின்றால், மூன்று வாரத்தில் உண்மையாகவே ஏதோ நடந்திருக்கிறது, டாக்டரிடம் அன்றைக்கே பேச வேண்டும். எனக்கு அனுப்பும்போது பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, ஃப்ளிப் ஆங்கிள், எக்கோ நேரம், முன்டோஸ் எவ்வளவு, அதற்கும் ஸ்கேனுக்கும் இடையே எத்தனை நிமிடம், ஊசியின் வேகம், ஹீமோகுளோபின், ஸ்டீராய்டு தேதி இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள் தம்பி.